மீதி ஏழு நிமிடம்

2012 செப்டம்பர் 9, ஞாயிறு

விதைக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த இந்த டைரியில் இதுவரை கரண்ட் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் மட்டுமே குறித்து வந்திருக்கிறேன். சேலத்தில் அவ்வளவு ஒழுங்காக நடக்கும் வேறு காரியம் எதுவும் என் கவனத்துக்கு வரவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. இன்று இல்லாத நேரத்தில் வீடியோ கேசட்டுகளை எடுத்து வெயில் படாத நிழலில் காற்றாட வைத்தேன். மழைக்காலம் வருவதற்குள் பூஞ்சையைத் துடைத்துவிட வேண்டும்.

மொத்தம் 143 கேசட்டுகள். எல்லாம் கறுப்பு வெள்ளை. எல்லாவற்றிலும் குறைந்தது ஒரு கொலை உண்டு. குடும்பப் படங்களை நான் சேர்ப்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஜில்லா கோர்ட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். முப்பத்தைந்து வருஷம் நிஜக் கொலைகளின் காகிதங்களை நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன். நிஜக் கொலையில் யார் செய்தது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஏன் செய்தார் என்பது கடைசிப் பக்கம் வரை தெரியாது. அதனால்தான் படம் தேவைப்படுகிறது.

"முடிவு தெரிஞ்ச படத்தைத் திரும்பத் திரும்ப என்ன பார்வை?" என்று என் மனைவி பூங்கோதை கேட்பாள். கொலையாளி யார் என்று தெரிந்த பிறகுதான் அவர் அதுவரை எவ்வளவு நல்லவராக நடந்துகொண்டார் என்பது தெரியும். முதல் தடவை பார்ப்பது கதைக்காக. இரண்டாம் தடவை பார்ப்பது அவர் காபி ஆற்றிக் கொடுக்கும் அழகுக்காக.

கேசட் 17 நடுவில் நிற்பதை இன்று கண்டேன். நான் பார்த்த கேசட்டை ரீவைண்ட் செய்யாமல் உறையில் போட்டதாக இருபத்தாறு வருஷத்தில் சரித்திரம் இல்லை. பூங்கோதையைக் கேட்டேன்.

"நான் எங்க பாத்தேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

"மாடிப்படியில கதாநாயகி பாடற இடத்துல நிக்குது. நான் பேங்குக்குப் போன அன்னிக்குப் பாத்திருக்கே."

"ஆமா, பெரிய துப்பறியும் புலி. பாட்டு நல்லாயிருந்துச்சு, பாத்தேன். கரண்ட் போயிடுச்சு."

மனிதர்கள் சாட்சி சொல்லும்போது மாற்றிச் சொல்வார்கள். கேசட் எங்கே நிறுத்தப்பட்டதோ அங்கேயே நிற்கும்.

செப்டம்பர் 10, திங்கள்

நேற்றைய பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், "பேங்குக்குப் போகவில்லை. கிளப்பில் சீட்டாடப் போனார். — பூ." என்று எழுதியிருக்கிறது. அவள் மேஜையைத் தூசி தட்டும்போது டைரியையும் தட்டுவது எனக்குத் தெரியும். பக்கம் பக்கமாகத் தட்டுகிறாள் என்பது இன்றுதான் தெரிந்தது.

செப்டம்பர் 13, வியாழன்

கேசட் 41. பஞ்சில் மருந்து தொட்டு இதைத் துடைக்கும்போது மட்டும் கை கொஞ்சம் மெதுவாகப் போகிறது.

படத்தின் பெயர் 'மேல்மாடியில் விளக்கு'. 1964. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களா. ஜமீன்தார் சாகிறார். அதன் பிறகு, யாரும் இல்லாத மேல்மாடியில் தினமும் ஒரு விளக்கு எரிகிறது. குடும்ப டாக்டர், காரியதரிசி, ஜமீன்தாரின் மைத்துனி, செவிடனாக நடிக்கும் சமையல்காரர் என்று நாலு பேர் மீது சந்தேகம். எல்லோரும் வீட்டுக்குள்ளேயே கோட் போட்டிருக்கிறார்கள், சமையல்காரரைத் தவிர.

1989 மே மாதம் ஒரு ஞாயிறு மாலை டி.வி.யில் போட்டார்கள். தெருவில் பாதிப் பேர் எங்கள் கூடத்தில். விளம்பரம் வரும்போதெல்லாம் பாஸ் பட்டனை அமுக்கி, படம் வந்ததும் விடுவிக்க வேண்டும் என்பதால் நான் டெக்குக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். முறுக்குத் தட்டு என்னைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்தார். மழை பெய்தது. "கொலையாளி இந்த அறையில்தான் இருக்கிறார்" என்றார். வலது கையைத் தூக்கினார். விரல் மடக்கியிருந்தது, நீளப் போனது.

கரண்ட் போய்விட்டது.

இருபத்து மூன்று வருஷமாக அந்த விரல் பாதி தூக்கியபடி நிற்கிறது. படத்தின் ஆரம்பத்தில் காட்டும் சென்சார் சான்றிதழில் நீளம் 15,120 அடி என்று இருக்கிறது. நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி. நூற்று அறுபத்தெட்டு நிமிஷம். என்னிடம் இருப்பது நூற்று அறுபத்தொன்று. மீதி ஏழு.

அன்று இருட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு வந்த பூங்கோதை, "எனக்குத் தெரியும் யாருன்னு. அறுபத்திநாலுலேயே எங்கப்பாகூட தியேட்டர்ல பாத்துட்டேன்" என்றாள்.

"யாரு?"

"முடிவை யார்கிட்டேயும் சொல்லாதீங்கன்னு பாட்டுப் புஸ்தகத்துல போட்டிருக்கான். சொல்ல மாட்டேன்."

தெருவே கெஞ்சியது. சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அந்தப் படம் வி.சி.டி.யாக வரவில்லை, மறுபடி எந்தச் சேனலிலும் போடவில்லை. மகள் செந்தாமரை பெங்களூரிலிருந்து இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தாள். இரண்டு பாட்டு கிடைத்தது. அவற்றில் யாரும் யாரையும் கொல்லவில்லை.

செப்டம்பர் 14, வெள்ளி

காலையில் காபி கொடுக்கும்போது பூங்கோதை இரண்டு விஷயம் சொன்னாள். கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும். இடது மார்பில், அக்குள் ஓரம், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறது, மூன்று மாதமாக. இந்த வரிசையில்தான் சொன்னாள்.

சிலிண்டருக்கு போன் போட்டேன். அப்புறம் டாக்டருக்கு.

செப்டம்பர் 15, சனி

மூன்று மாதத்தை ரீவைண்ட் செய்து பார்த்தேன்.

ஜூலையில் தண்ணீர்க் குடத்தை வலது இடுப்புக்கு மாற்றினாள். "பழகிப் பாக்கறேன்" என்றாள். ஆடிப்பெருக்குக்குச் செந்தாமரை வந்தபோது குளித்துவிட்டு வர அரைமணி நேரமாயிற்று. ஆகஸ்டில் ஒருநாள், நான் கேட்காமலேயே, பாதாம் அல்வா செய்தாள். இரண்டாம் தடவை பார்க்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. முதல் தடவை நான் அல்வாவைத் தின்றுகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 18, செவ்வாய்

ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ஒரு வாரம் ஆகுமாம்.

காத்திருக்கும் கூடத்தில் டி.வி. இருந்தது. சத்தம் இல்லாமல் ஒரு சமையல் நிகழ்ச்சி. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் கோட் போடவில்லை, ஆனால் எல்லோரும் சந்தேகத்துக்கு உரியவர்கள் போல உட்கார்ந்திருந்தோம்.

செப்டம்பர் 25, செவ்வாய்

ரிசல்ட் வந்தது. இன்று கரண்ட் பதினோரு மணி நேரம் இல்லை.

செப்டம்பர் 26, புதன்

மேலே எழுதியதற்குக் கீழே பென்சிலில், "கான்சர். எழுத்தில் எழுதினால் ஒன்றும் ஆகிவிடாது. ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்று டாக்டர் சொன்னதையும் எழுதவும். — பூ."

எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 28, வெள்ளி

கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்கு அக்டோபர் 11-ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள். செந்தாமரை பத்து நாள் லீவு போட்டு வருகிறாள்.

பூங்கோதை காலையிலிருந்து வீட்டை ஒழுங்கு செய்கிறாள். டப்பாக்களின் மேல் பேப்பர் ஒட்டி, மல்லித்தூள், மிளகாய்த்தூள், ரசப்பொடி என்று எழுதுகிறாள். முப்பத்தொன்பது வருஷமாக அவற்றுக்குப் பெயர் தேவைப்பட்டதில்லை. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்தாள்.

"ரேஷன் கார்டு இந்த டிராயர்ல. உங்க பிரஷர் மாத்திரை இங்க. ஊறுகாய் ஜாடியில ஈரக்கரண்டி போடாதீங்க."

"பத்து நாள்ல வந்துடப்போறே. எதுக்கு இந்த வகுப்பு?"

"சும்மா தெரிஞ்சுக்கங்க." டப்பாவை மூடினாள். "அப்புறம், அந்தப் படத்து முடிவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். போறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்."

எனக்கு மோட்டார் போட வேண்டிய ஞாபகம் வந்தது. மாடிக்குப் போய்விட்டேன். கரண்ட் இல்லை என்பது அங்கே போன பிறகு நினைவுக்கு வந்தது. தொட்டி நிரம்பும் அளவுக்கு நேரம் அங்கேயே நின்றேன்.

இறங்கி வந்ததும் கேட்டாள், "தொட்டி ரொம்பிடுச்சா?"

"ரொம்பிடுச்சு."

"கரண்ட் இல்லாமலே?"

இருபத்து மூன்று வருஷம் கெஞ்சியும் வராத வாக்குமூலம் இப்போது தானாக வருகிறது. கோர்ட்டில் இதற்கு ஒரு பெயர் உண்டு. சாகும் முன் கொடுப்பதை மட்டும்தான் அப்படிக் கேட்காமல் கொடுப்பார்கள். நான் அதைப் பதிவு செய்ய மாட்டேன்.

அக்டோபர் 3, புதன்

செவ்வாய்ப்பேட்டையில் மஜீத் பாயைப் பார்த்தேன். ஒரு காலத்தில் நிலா வீடியோ லைப்ரரி வைத்திருந்தவர். என் கேசட்டுகளில் பாதி அவர் கடை மூடியபோது வந்தவை. "ரீவைண்ட் செய்து திருப்பித் தரவும்" என்ற அவருடைய மஞ்சள் ஸ்டிக்கர் இன்னும் அவற்றில் இருக்கிறது. அதே கடையில் இப்போது செல்போன் ரீசார்ஜ் செய்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கவுன்டரில் முண்டியடித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. ஊரில் பாதி பேரின் ரசனை அவர் நோட்டில் இருந்தது. யார் யார் பக்திப் படம் என்று சொல்லி எதை எடுத்துப் போனார்கள் என்பதை அவர் இதுவரை வெளியே விட்டதில்லை.

"இப்ப யாரு சார் கேசட் கேக்கறாங்க? போன வாரம் ஒருத்தர் வந்தார். எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பாத்தா, மாடித் தோட்டத்துல குருவி விரட்ட டேப்பை உருவிக் கட்டணுமாம்."

"குடுத்தீங்களா?"

"கலர் படமாப் பாத்துக் குடுத்தேன்."

நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னேன்.

"மேல்மாடியில் விளக்கா? எங்கிட்ட வரவே இல்லையே சார். மச்சான் மலேசியாவுல, ஈப்போல கடை வச்சிருந்தார். அங்கல்லாம் நம்ம பழைய படம் நல்ல பிரின்ட்ல கேசட் போட்டான். கேட்டுப் பாக்கறேன். ஆமா, இருவத்திமூணு வருஷம் சும்மா இருந்தீங்க, இப்ப என்ன அவசரம்?"

"அவசரம் ஒண்ணுமில்ல."

என் முகத்தைப் பார்த்தார். "வீட்ல அம்மா நல்லா இருக்காங்களா?"

"இருக்கா."

அவர் வேறு ஒன்றும் கேட்காமல் செல்போனை எடுத்து மலேசியாவுக்குப் போட்டார்.

கேசட் கிடைத்தால் அவள் எதையும் சொல்லி முடித்துவைக்க வேண்டியதில்லை. வந்த பிறகு சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். வந்த பிறகு.

அக்டோபர் 10, புதன், கோயம்புத்தூர்

அட்மிட் ஆனோம். அறையில் கரண்ட் போவதே இல்லை. ஜெனரேட்டர். பழக்கமில்லாததால் தூக்கம் வரவில்லை என்று பூங்கோதையிடம் சொன்னேன். "அப்படியா" என்றாள்.

சாயங்காலம் மறுபடி ஆரம்பித்தாள். "ஏங்க, அந்த முடிவு..."

"ஃபாரம்ல கையெழுத்துப் போடணுமாம், போயிட்டு வந்துடறேன்."

"காலையிலயே போட்டாச்சே."

"இன்னொண்ணு இருக்காம்."

"சரி, போங்க," என்றாள். "எத்தனை ஃபாரம்தான் இருக்குன்னு நானும் பாக்கறேன்."

அக்டோபர் 11, வியாழன்

ஏழு நாற்பதுக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். வளையலையும் தோட்டையும் கழற்றி என் சட்டைப்பையில் போட்டாள். "தொலைச்சிடாதீங்க" என்றாள்.

படங்களில் டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றித் துடைத்தால் பிழைத்தார்கள், கழற்றிக் கையில் வைத்துக்கொண்டால் இல்லை. பன்னிரண்டு படங்களிலாவது சரிபார்த்திருக்கிறேன். இந்த டாக்டர் கண்ணாடியே போடுவதில்லை. பதினொன்றே காலுக்கு வெளியே வந்தார். செல்போன் சார்ஜர் எங்கே என்று நர்ஸைக் கேட்டார். அப்புறம் எங்களைப் பார்த்து, "நல்லபடியா முடிஞ்சுதுங்க" என்றார், சார்ஜர் கிடைத்த அதே குரலில்.

செந்தாமரை அழுதாள். என் சட்டைப்பையில் வளையல் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. கையை வைத்து அமுக்கிக்கொண்டேன்.

அக்டோபர் 16, செவ்வாய்

வீட்டுக்கு வந்தோம். டாக்டர் சொன்னது: நாலு தடவை மருந்து ஏற்ற வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப். "அஞ்சு வருஷம் தாண்டிட்டாங்கன்னா அப்புறம் என்னைப் பாக்க வரவே வேண்டாம்."

"அஞ்சு வருஷம்னா ரெண்டாயிரத்திப் பதினேழு," என்றாள் பூங்கோதை காரில். "எனக்கு அறுபத்தேழு ஆயிடும்."

"எல்லாருக்கும் ஆகும்."

"உங்களுக்கு எழுபத்திமூணு."

அதற்குள் என் மல்லித்தூள் டப்பாப் படிப்பு முடிந்திருக்கும் என்றேன். சிரித்தாள். சிரித்தால் தையல் இழுக்கிறதாம். இனிமேல் சிரிப்பாக எதுவும் சொல்லக்கூடாது என்று உத்தரவு.

அக்டோபர் 27, சனி

மஜீத் பாய் தானே வீட்டுக்கு வந்தார். பேரீச்சம்பழ டப்பா ஒன்றைப் பூங்கோதையிடமும் ஒரு பார்சலை என்னிடமும் கொடுத்தார். ஈப்போவிலிருந்து வந்த கேசட். உறையில் படத்தின் பெயர் தமிழில் இரண்டு பிழைகளோடு இருக்கிறது. டேப்பின் ஓரம் சுத்தம், பூஞ்சை இல்லை.

"முழுசா இருக்குன்னு மச்சான் சத்தியம் பண்றார் சார். கடைசியில 'வணக்கம்' வரைக்கும்."

"நீங்க பாத்தீங்களா பாய்?"

"சேச்சே. டெக்கு எங்க இருக்கு எங்கிட்ட? வித்து பத்து வருஷமாச்சு." கிளம்பும்போது பூங்கோதையைப் பார்த்து, "அம்மா, நீங்க இனிமே சொல்ல வேண்டாம். எல்லாம் கேசட்லயே இருக்கு," என்றார்.

பூங்கோதை முகத்தில் ஒரு மாதிரி தெரிந்தது. வலி என்று நினைத்தேன்.

பேரீச்சம்பழத்தை நாங்கள் இருவரும் தின்றோம். கேசட்டைப் போட்டுப் பார்க்கவில்லை. நூற்று அறுபத்தெட்டு நிமிஷம் தொடர்ந்து கரண்ட் இருக்கும் நாள் வரட்டும். தீபாவளிக்கு இருக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

நவம்பர் 6, செவ்வாய்

முதல் தடவை மருந்தை நேற்று ஏற்றினார்கள். ஒன்றும் தங்கவில்லை. நான் ரசம் வைத்தேன். டப்பாவில் எழுதியிருந்தபடிதான் போட்டேன்.

"எப்படி இருக்கு?"

"கொலை," என்றாள். "ஆனா யார் பண்ணதுன்னு சந்தேகமே இல்ல."

நவம்பர் 13, செவ்வாய், தீபாவளி

காலையிலிருந்து கரண்ட் போகவில்லை. பூங்கோதைக்கு எண்ணெய்க் குளியல் கிடையாது. புதுப்புடவையை மட்டும் மேலே சுற்றிக்கொண்டாள். இரண்டு இட்லி சாப்பிட்டாள், இரண்டும் தங்கின.

இரண்டு மணிக்குக் கேசட்டைப் போட்டேன். எங்கள் டெக்கின் ரிமோட் செத்துப் பல வருஷமாயிற்று. எதற்கும் எழுந்து போக வேண்டும் என்பதால் பெஞ்சை டி.வி. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு இருவரும் உட்கார்ந்தோம்.

பிரின்ட் மிகச் சுத்தம். மழையில் ஒவ்வொரு கோடும் தனியாகத் தெரிகிறது. என் கேசட்டில் சாம்பல் நிறமாக இருந்த பங்களா, இதில் பாதி மை, பாதி நிலா. மைத்துனியின் புடவையில் கரை இருப்பதே இன்றுதான் தெரிந்தது. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு அழகாக விளக்கு வைத்த ஆள் யாரோ. தெருவில் பட்டாசு, படத்தில் இடி. எது எது என்று பல இடத்தில் தெரியவில்லை.

"இந்த டாக்டர் கண்ணாடியைத் துடைக்கிறானே," என்றாள்.

"பேசாதே. பார்."

"பேசினா கொலைகாரன் ஓடிடப்போறானா?"

இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார். என் கை தானாக டெக்கின் பாஸ் பட்டனைத் தேடியது. பழக்கம். அப்போது பூங்கோதை, "கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள்.

எழுந்து நிறுத்தினேன். விரல் பாதியில் நின்றது.

"எனக்குத் தெரியாதுங்க."

"என்ன தெரியாது?"

"யாருன்னு. நான் பாக்கவே இல்ல." புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டே சொன்னாள். "ராசிபுரத்துக்குக் கடைசி பஸ் ஒம்பதரைக்கு. எங்கப்பா வாட்சைப் பாத்துட்டு, 'போதும், கிளம்பு, யாரா இருந்தா நமக்கென்ன'ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டார். இதோ, இந்த இடத்துலதான். கதவுகிட்ட போய்த் திரும்பிப் பாத்தேன். கையைத் தூக்கிட்டு நின்னான்."

திரையில் நின்ற விரலைப் பார்த்தேன்.

"பாட்டுப் புஸ்தகத்துல 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'ன்னுதான் இருந்துச்சு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

"இருவத்திமூணு வருஷம்?"

"அன்னிக்குக் கரண்ட் போச்சுல்ல. விளையாட்டா தெரியும்னேன். நீங்க மெழுகுவத்தி வெளிச்சத்துல என்னைத் திரும்பிப் பாத்தீங்க. கல்யாணமாகி பதினாறு வருஷத்துல அப்படிப் பாத்ததில்ல. அப்புறம் எப்படித் தெரியாதுன்னு சொல்றது? சொல்லிடலாம்னு பாத்தா மோட்டார் போடப் போறீங்க, ஃபாரம்ல கையெழுத்துப் போடப் போறீங்க."

கோர்ட்டில் எத்தனையோ பொய் சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன். மூன்று குறுக்கு விசாரணை தாங்கியவர்கள் அபூர்வம். இவள் சில ஆயிரம் தாங்கியிருக்கிறாள்.

"ஓட விடட்டுமா?" என்றேன்.

"விடுங்க. ரெண்டு பேருமே பாத்துடலாம்."

பட்டனை அமுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் என் தோளில் சாய்ந்தாள். இன்ஸ்பெக்டர் விரலை நீட்டுவதற்கு முன்னால், ஒரு பழைய கடிதத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். அரசு அதிகாரிகளின் வழக்கம். அவர் தேதியைப் படித்து முடிப்பதற்குள் பூங்கோதையின் மூச்சு சீராகிவிட்டது. மருந்து. எட்டாவது நாளும் அப்படித்தான் அசத்தும் என்று சொல்லியிருந்தார்கள்.

எழுந்தால் அவள் விழித்துக்கொள்வாள். டெக் கைக்கு எட்டாது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதை, இந்த டைரி தூசி தட்டப்படும் விதத்தை உத்தேசித்து, எழுதாமல் விடுகிறேன்.

நவம்பர் 14, புதன்

நேற்றிலிருந்து இடது தொடையில் கடுமையான பிடிப்பு. காரணம் தெரியவில்லை.

காலையில் காபியோடு நான் போனதும் முதல் கேள்வி.

"தூங்கிட்டேனா? கடைசி வரைக்கும் ஓடுச்சா? பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"யாருங்க?"

"முடிவை யார்கிட்டேயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கான்."

எழுந்து உட்கார்ந்தாள். "இது நியாயமா?"

"இருவத்திமூணு வருஷம் எனக்கு நியாயமா இருந்துச்சே."

"சரி, கேசட்டைக் குடுங்க. நானே போட்டுப் பாத்துக்கறேன்."

"பீரோவுல வச்சுப் பூட்டியாச்சு."

"எப்பத்தான் சொல்லுவீங்க?"

"ரெண்டாயிரத்திப் பதினேழு அக்டோபர்ல. டாக்டர் இனிமே வரவேண்டாம்னு சொன்ன அன்னிக்கு, வீட்டுக்கு வந்ததும் சொல்றேன். கார்லகூட சொல்ல மாட்டேன்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். மெழுகுவர்த்தி எதுவும் தேவைப்படவில்லை.

"அஞ்சு வருஷமா?"

"அஞ்சு வருஷம்."

"அதுக்குள்ள நீங்க மறந்துட்டீங்கன்னா?"

"அதுக்காகவும் நீ இருந்தாகணும்."

காபியைக் குடித்தாள். சர்க்கரை அதிகம் என்றாள். எட்டு மணிக்குக் கரண்ட் போனது. தீபாவளி முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டோம்.

(அடியில், பென்சிலில்)

நவம்பர் 15. இவர் கிளப்புக்குப் போயிருக்கிறார். பீரோச் சாவி எப்போதும் போல அரிசி டப்பாவில்தான் இருந்தது.

கேசட் ரீவைண்ட் செய்யப்படவில்லை. டெக்கில் போட்டுப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் கடிதத்தில் தேதியைப் படித்துக்கொண்டிருக்கிறார். உடனே நிறுத்திவிட்டேன். கோர்ட்டில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவருக்குத் தடயத்தை மறைக்கத் தெரியவில்லை. ஸ்டாப் பட்டனைக் கால் கட்டைவிரலால் அமுக்கினால் தொடை பிடிக்கத்தான் செய்யும். தைலம் மேல்தட்டில், ஜீரக டப்பாவுக்குப் பின்னால்.

நானும் பார்க்கவில்லை. கேசட்டை இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டேன்.

அஞ்சு வருஷம். சம்மதம். — பூ.